பள்ளிவாசல் கடிகாரம் யாரைப் பார்த்து எண்ணுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன், கோடையில் வந்த ஒரு ரமழானின் 13ஆம் நோன்பு. மயிலாப்பூரின் பின்தெரு ஒன்றில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரசாவை ஒட்டிய பள்ளிவாசல். சஃப் சஃப்பாக விரிப்பு விரித்து, நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்து, சிறுவர்களும் பெரியவர்களும் சுவரில் இருந்த சிவப்பு எண் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்கள் மாறின. கடிகாரம் கூவியது. மோதினார் பாங்கு சொன்னார். நோன்பைத் திறந்தோம். அரைக் கோப்பைக் கஞ்சி இறங்கியிருக்கும். அடுத்த மஹல்லாவின் பாங்கு அப்போதுதான் காற்றில் வந்தது. இரண்டு நிமிட வேறுபாடு.

அந்த இரண்டு நிமிடத்தில் பள்ளிவாசலில் பரவிய மௌனத்தை நாம் மறக்கவில்லை. ஒரு பெரியவர் வாயில் வைத்த பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இமாமைப் பார்த்தார். நகரில் மற்ற நேரங்களில் இரண்டு நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. நோன்பாளிக்கோ சூரியன் மறையும் அந்தக் கணம் பதினான்கு மணி நேர வணக்கத்தின் எல்லைக்கோடு. சூரியன் மறைந்துவிட்டதென்று எண்ணி ஒருவர் நோன்பைத் திறந்து, மறையவில்லை என்று பிறகு தெரியவந்தால், அவர் மீது பாவம் இல்லை. ஆயினும் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே பெரும்பான்மையான இமாம்களின் தீர்ப்பு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மேகம் சூழ்ந்த ஒரு நாளில் நோன்பைத் திறந்த பிறகு சூரியன் வெளிப்பட்ட நிகழ்ச்சியை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. அன்று மறைத்தது மேகம். எங்களை மறைத்தது ஒரு பெட்டி.

இமாம் அவர்கள் பதறவில்லை. அட்டவணையை எடுத்துப் பார்த்தார். அதைக் கணித்தவர்கள் சூரியன் மறையும் நேரத்துடன் பேணுதலுக்காக மூன்று நிமிடம் கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். ஆகவே கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தியிருந்தாலும் சூரியன் மறைந்த பிறகே நோன்பு திறக்கப்பட்டது; நோன்பு செல்லும் என்று அறிவித்தார். அப்படியும் மனம் ஒப்பாமல் ஷவ்வாலில் ஒரு நோன்பைத் திருப்பிப் பிடித்த மூத்தவர்கள் இருவரை நாம் அறிவோம்.

நேராகச் சூரியனைப் பார்த்துத் திறந்திருக்கலாமே என்று கேட்கலாம். சென்னையின் கடல் கிழக்கே இருக்கிறது. சாந்தோம் கரையில் நின்றால் சூரியன் எழுவதைக் காணலாம். மறைவதைக் காண முடியாது. மேற்கே தியாகராய நகரின் அடுக்குமாடிகள் சூரியனை அது மறைவதற்கு வெகு முன்பே விழுங்கிவிடுகின்றன. எனவே நாம் கடிகாரத்தை நம்புகிறோம். அப்படியானால் அந்தக் கடிகாரம் எதை நம்புகிறது? அன்றிரவு தராவீஹுக்குப் பிறகு எழுந்த இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் நம் ஊரின் ஒரு நீண்ட வரலாறு கண்ணில் பட்டது.

எந்தக் கடிகாரத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே சீராக ஆடுவது அல்லது ஒழுகுவது ஒன்று. அந்த ஆட்டங்களை எண்ணுவது மற்றொன்று. நம் முன்னோரின் நாழிகை வட்டிலில் இவ்விரண்டையும் வெறுங்கண்ணால் காணலாம். அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி அது மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். மூழ்கியதும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார் ஒருவர். 60 நாழிகை ஒரு நாள். துளை அடைத்துக்கொண்டால் எண்ணுபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கணக்குத் தவறும். துளை சரியாக இருந்து எண்ணுபவர் கண்ணயர்ந்தாலும் அதுவே நடக்கும். இந்த இரண்டு பிழைகளும் இன்றைய மின்னணுக் கடிகாரத்திலும் அப்படியே இருக்கின்றன.

தொழுகைக்கு மார்க்கம் வைத்த அடையாளங்கள் மனிதர் செய்த எந்தக் கருவியையும் சார்ந்தவை அல்ல. ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரண்டு நாள் தொழுவித்துக் காட்டிய செய்தியில் நேரங்கள் நிழலாலும் செம்மேகத்தாலும் வைகறை வெளிச்சத்தாலும் குறிக்கப்படுகின்றன. ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டும்போது அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ வழி. இரு மடங்கு என்பது ஹனஃபி வழியில் பெரிதும் பின்பற்றப்படுவது. நண்பகலில் இருக்கும் நிழலைக் கழித்துக் கணக்கிட வேண்டும். சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருவதால் அந்நாட்களில் நண்பகல் நிழலே இராது. மாணவர்களை முற்றத்தில் நிறுத்தி இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பு எந்தப் பாடப் புத்தகத்தாலும் வராது.

இந்த அடையாளங்களைக் கணக்காக்கும் பணிக்கென்றே முற்காலப் பெரும் பள்ளிவாசல்களில் முவக்கித் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் தலைமை முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) 1371ஆம் ஆண்டில் அதன் மினாராவுக்காக ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தைச் செதுக்கினார். அவர் கோள்களின் இயக்கத்தைக் கணித்த அறிஞர், பள்ளிவாசல் ஊழியரும்தான். இவை இரண்டும் அக்காலத்தில் ஒரே வேலையாக இருந்தன.

நம் ஊரில் அந்த வேலை அரசாங்கத்தின் கையில், பள்ளிவாசலுக்கு வெளியே நடந்தது. தியாகராய நகருக்கு வடக்கே, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று மண்டல வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் சென்னை வானாய்வகம் இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய சிறு ஆய்வகமே இதன் வித்து. மைக்கேல் டாப்பிங் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடத்தை எழுப்பினார். கருவி அதிராமல் நிற்பதற்காக நடப்பட்ட கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதன் நிறுவல் செய்தி பொறிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல், திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் எழுந்தது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான்.

அங்கே நேரத்தை அறிந்த விதம் நம் கேள்விக்கு நேரான பதில். ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் ஒன்று அங்கே இருந்தது. ஊசல் ஆடும், பற்சக்கரம் எண்ணும். ஆனால் ஊசல் தன்னளவில் சாட்சியாகாது. வெப்பத்தில் அதன் தண்டு நீளும், கடிகாரம் பிந்தும். ஆகவே இரவில் ஒரு விண்மீன் சரியாக வடக்கு தெற்குக் கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பார்கள். கண் விண்மீனின் மேல், காது ஊசலின் அடிகளின் மேல். விண்மீன் கடக்க வேண்டிய நேரம் முன்பே தெரியும். கடிகாரம் காட்டியது எவ்வளவு என்று ஏட்டில் குறிப்பார்கள். வேறுபாடே அன்றைய பிழை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் கடிகாரத்தை அடிக்கடி திருகிச் சரிசெய்வதில்லை. அதன் பிழையை அறிந்து வைத்திருந்தார்கள். வானாய்வகம் 1899இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தபோது அந்தக் கடிகாரமும் மலையேறியது. இன்றும் அங்கே இருக்கிறது.

அங்கே பணியாற்றிய நம் நாட்டவரில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைக் குறிப்பிடாமல் போகக்கூடாது. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது அதை மக்களுக்கு விளக்கி அவர் வெளியிட்ட நூல் உருதுவிலும் வந்தது. வானியல் செய்தி தம் அண்டை வீட்டு முஸ்லிம்களையும் அவர்கள் மொழியில் எட்ட வேண்டும் என்று ஒரு வைணவ அறிஞர் நினைத்திருக்கிறார்.

ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, இவ்வூர் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று நிறுவினார். அதுவே மெட்ராஸ் நேரம். புனித ஜார்ஜ் கோட்டையின் பீரங்கி வானாய்வகக் கடிகாரத்தின்படி இரவு 8 மணிக்கு முழங்கும். பள்ளிவாசல்களில் நகரா அடித்து நேரம் அறிவித்த காலம் அது. நகரா சூரியனைச் சார்ந்தது. பீரங்கி விண்மீனைச் சார்ந்தது. இரண்டும் ஒரே ஊரின் காதில் விழுந்தன. 1870களில் இந்திய ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தையே தங்கள் பொது நேரமாக்கிக்கொண்டன. தந்திக் கம்பி வழியே நுங்கம்பாக்கத்தின் நேரம் நாடு முழுவதும் ஓடியது. பம்பாய் மட்டும் முரண்டு பிடித்தது. 1881இல் ஆளுநர் மெட்ராஸ் நேரத்தைப் புகுத்தப் பார்க்க, மக்கள் ஏற்கவில்லை. இரண்டு ஆண்டில் கைவிட்டார்கள். யாருடைய சூரியனைப் பார்த்து எண்ணுவது என்பதில் ஊர்களுக்கும் மானப் பிரச்சினை உண்டு போலும்.

1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தது. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகை; கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. சென்னையின் கடிகாரங்கள் 8 நிமிடம் 46 வினாடி முன்னே தள்ளப்பட்டன. சூரியன் அசையவில்லை, எண் அசைந்தது. முந்தின நாள் வரை சரியாக இருந்த தொழுகை அட்டவணை எதுவும், புதிய கடிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தி மஃரிப் சொல்லும். நாம் இரண்டு நிமிடத்திற்குக் கலங்கினோமே! இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நேரம் மேலும் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. சென்னையில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி அளவுதான் மாறும் என்பதை நினைத்தால் அம்மாற்றத்தின் பெருமை விளங்கும். இன்றும் சென்னையின் நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை. பிப்ரவரியில் 12:23 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11:53க்கே வந்துவிடும். ளுஹருக்கு 12 மணி என்று கண்ணை மூடிக்கொண்டு பாங்கு சொல்ல முடியாததன் காரணம் இதுதான்.

இனி அந்தச் சிவப்பு எண் பெட்டிக்கு வருவோம்.

எங்கள் மத்ரசாவில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் பின்னாளில் பொறியியல் படித்து, சிறு கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதும் வேலையில் அடையாறு பக்கம் இருக்கிறார். அழைத்தோம். ஸ்குரூ டிரைவரோடு வந்தார். பெட்டியைத் திறந்து, “ஹஜ்ரத், இதற்குள் ஒரு கடிகாரம் இல்லை, மூன்று இருக்கின்றன” என்றார்.

முதலாவது, பேட்டரியோடு தனியே இருக்கும் ஆர்டிசி என்னும் சிறு சிப். மின்சாரம் போனாலும் தேதியையும் நேரத்தையும் காப்பது அதன் வேலை. அதனருகே அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளி நிறக் குழல் ஒன்று. அதனுள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் கல், வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டை இரண்டால் பதினைந்து மடி பெருக்கினால் 32,768. பாதி, பாதியாகப் பதினைந்து முறை குறைத்தால் மிச்சமின்றி வினாடிக்கு ஒன்று கிடைத்துவிடும். பாகப்பிரிவினையில் பின்னம் விழாமல் பங்கு பிரிவதைப் போல. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் செய்யப்பட்டது. 1969இல் ஜப்பானின் செய்கோ அதைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியது. அதில் கல் 8,192 முறை அதிர்ந்தது. அதுவும் இரண்டின் மடிதான்.

இரண்டாவது, மூளையாகிய மைக்ரோகண்ட்ரோலருக்குத் துடிப்புக் கொடுக்கும் பெரிய குவார்ட்ஸ் கல். வினாடிக்குப் பல லட்சம் முறை அதிர்வது. மூன்றாவது, கல்லே இல்லாமல் சிப்புக்குள்ளேயே மின்தடையும் மின்தேக்கியும் கொண்டு உண்டாக்கிய துடிப்பு. செலவில்லை, சட்டென்று தொடங்கும். ஆனால் நூற்றுக்கு ஒரு பங்கு வரை தவறலாம். நூற்றுக்கு ஒன்று என்றால் கேட்கச் சிறியது. நாளொன்றுக்கு 14 நிமிடம்! 32,768 அதிரும் நல்ல கல்லோ பத்து லட்சத்தில் 20 பங்குதான் தவறும். நாளுக்கு இரண்டு வினாடிக்கும் குறைவு, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு உட்பட்டது. சென்னை வெயிலுக்கும் அதில் பங்குண்டு. அக்கல் 25 பாகைச் சூட்டில்தான் தன் முழு வேகத்தில் அதிரும். சூடு கூடினாலும் குறைந்தாலும் பிந்தும். மின்விசிறி எட்டாத மேல்சுவரில் 45 பாகை ஏறினால் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் தவறிப்போகும். நுங்கம்பாக்கத்து ஊசலின் தண்டு வெயிலில் நீண்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இம்மூன்றில் எதைப் பார்த்து எண்ணுவது என்று கருவியின் இயங்குதளத்துக்குச் சொல்ல வேண்டும். அதை எழுதுபவர் கட்டமைப்புக் கோப்பில் ஒரே வரியில் தீர்மானித்துவிடுவார். வினாடிக்கு இத்தனை ‘டிக்’ என்று மற்றொரு வரி. இயங்குதளத்துக்கு வினாடி தெரியாது, டிக் மட்டுமே தெரியும். நாழிகை வட்டில்காரருக்கு மூழ்கிய கிண்ணங்கள் மட்டுமே தெரிந்ததைப் போல. இந்த இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வரும் கேட்டை மாணவர் தாளில் போட்டுக் காட்டினார். வினாடிக்கு 100 டிக் வேண்டும் என்று ஒருவர் எழுதிவிட்டு, மூலமாக 32,768 கல்லைத் தேர்ந்தால், ஒரு டிக்குக்கு 327.68 அதிர்வு. எண்ணும் கருவிக்குப் பின்னம் தெரியாது. 327 எண்ணியதும் ஒரு டிக் அடித்துவிடும். ஒவ்வொரு டிக்கிலும் முக்கால் அதிர்வுக்குச் சற்றுக் குறைவாகக் களவு போகிறது. மாலைக்குள் அது திரண்டு, நாளுக்கு மூன்று நிமிடம் முந்தும் கடிகாரமாகிறது. கல்லில் குற்றமில்லை, கணக்கில் குற்றம். வினாடிக்கு 128 டிக் என்று எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் சரியாக 256 அதிர்வு; மிச்சமே இராது. ஓமாப் என்ற சிப்புகளுக்கான லினக்ஸில், 32 கிலோஹெர்ட்ஸ் டைமரைத் தேர்ந்தால் 128 என்ற எண் வைக்கப்பட்டிருந்ததன் காரணம் இதுவே. பாகப்பிரிவினைக் கணக்கு ஓதியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பங்குகளின் பொது எண்ணை முதலில் சரியாக எடுக்காவிட்டால் கடைசி வாரிசுக்குக் கணக்குத் தவறும்.

எங்கள் பெட்டியில் அந்தப் பிழையும் இல்லை. அதனால்தான் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பெட்டியைச் செய்தவர்கள் நல்ல ஆர்டிசி சிப்பையே வைத்திருந்தார்கள். ஆனால் நிரல், மின்சாரம் வந்து பெட்டி விழிக்கும்போது மட்டும் ஒரு முறை அதனிடம் நேரம் கேட்டது. அதன்பிறகு இரண்டாவது கல்லின் துடிப்பை எண்ணித் தானே நேரத்தை நகர்த்திக்கொண்டது. அந்தக் கல் பத்து லட்சத்தில் 50 பங்கு வேகம் மிகுந்தது. நாளுக்கு நான்கு வினாடிக்குச் சற்று மேல். முன்பெல்லாம் எங்கள் தெருவில் மின்வெட்டு அடிக்கடி வரும். ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் பெட்டி மறுபடி ஆர்டிசியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. அவ்வாண்டு பராஅத் இரவையொட்டி ஒரு நல்ல மனிதர் பள்ளிவாசலுக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து மின்சாரம் நிற்கவே இல்லை. பெட்டி உறங்கவில்லை, விழிக்கவில்லை, யாரிடமும் நேரம் கேட்கவும் இல்லை. இருபத்தெட்டு நாளில் இரண்டு நிமிடம் முந்திவிட்டது. மின்வெட்டுதான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் முவக்கித்தாக இருந்திருக்கிறது!

தன் எண்ணிக்கையைத் தானே நம்பும் கருவிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதைப் பெரிய கணினிகளைச் செய்தவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். லினக்ஸ் ஒரு கடிகார மூலத்தை எண்ணிக்கொண்டே மற்றொன்றைக் காவலாக வைத்து இரண்டையும் ஒப்பிடும். முதலாவது பிசகினால் அதை நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். பிறை சாட்சியங்களை விசாரித்த காழிகளின் நடைமுறை நினைவுக்கு வந்தது.

அடையாறுக்கு அருகிலுள்ள ஐஐடி மெட்ராஸில் ‘சக்தி’ என்னும் செயலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். பேராசிரியர் காமகோடி தலைமையில் நடந்த பணி. 2018இல் அவற்றுள் ஒன்று சண்டிகரில், நம் நாட்டு ஆலையிலேயே சிப்பாக வார்க்கப்பட்டது. ரிஸ்க்-ஐந்து எனப்படும் திறந்த விதிமுறையைப் பின்பற்றும் அந்தச் செயலிகளில் நேரம் காக்கும் ஏற்பாட்டை மாணவர் விவரித்தபோது நமக்குப் பெரும் மகிழ்ச்சி. ஓர் இடத்தில் இடைவிடாமல் கூடிக்கொண்டே போகும் எண். அது மாறாத வேகத்தில் கூட வேண்டும் என்பது விதி. பக்கத்தில் மற்றோர் எண், அடுத்து எப்போது எழுப்ப வேண்டும் என்பது. முதல் எண் இரண்டாவதை எட்டிய கணத்தில் செயலியின் தோளைத் தட்டி, வேலையை நிறுத்தி, இதைக் கவனி என்று சொல்லும். மோதினாரும் அப்படித்தான். நாள் முழுதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஹவ்லைக் கழுவுவார், விரிப்பை உதறுவார், வந்தவருக்கு வழி சொல்வார். அடுத்த நேரம் இன்னது என்று மனத்தில் வைத்திருப்பார். அது வந்ததும் கையிலுள்ளதை விட்டுவிட்டு மைக்கின் முன் நிற்பார்.

செயற்கைக்கோளைப் பார்த்து எண்ணும் கடிகாரங்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. உஸ்மான் சாலையிலேயே விசாரித்தோம். (1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மான் அவர்களின் பெயர் தாங்கிய சாலை அது என்பதை அங்கே துணி எடுக்கும் நம் பிள்ளைகள் அறிவதில்லை.) செயற்கைக்கோள் நேரம் துல்லியமானது; வானிலுள்ள அணுக் கடிகாரங்களின் எண்ணிக்கை. ஆனால் அதுவும் படைப்புதான். நம் நாடு 2013இல் ஏவிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளின் மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, அதன் இடத்தை நிரப்ப வேறொன்றை அனுப்ப வேண்டியதாயிற்று. தவிர, துல்லியமான நேரம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது; ஊரின் இடக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் சூரியன் நண்பகலை எட்டுவது சென்னையைவிட ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தி. வேறோர் ஊருக்கு அமைத்த பெட்டியை அப்படியே மாட்டியவர்கள் உண்டு.

எங்கள் பள்ளிவாசலில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. மாணவர் நிரலில் சில வரிகளை மாற்றி, ஒவ்வொரு மணிக்கும் பெட்டி ஆர்டிசியிடம் நேரம் கேட்கும்படி செய்தார். ரிச்சி தெருவிலிருந்து, சூட்டை அளந்து தன் பிழையைத் தானே ஈடுசெய்துகொள்ளும் வேறோர் ஆர்டிசி வாங்கிவந்து பழையதன் இடத்தில் வைத்தார். அது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே தவறக்கூடியது. காசு வாங்கவில்லை, கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இமாம் அவர்கள் கூட்டிக்கொண்டது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் மோதினார் வானொலியின் நேர அறிவிப்போடு பெட்டியை ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு நோட்டில் எழுத வேண்டும். திருத்த வேண்டாம், எழுதினால் போதும். பத்து வினாடியைத் தாண்டினால் மட்டும் சொல்லுங்கள் என்றார். நோன்பு திறப்பதைத் தேவையின்றிப் பிற்படுத்துவது நபிவழி அன்று என்பதால் அட்டவணையின் பேணுதல் நிமிடங்களையும் மேலும் கூட்டவில்லை.

மோதினாருக்கு முதலில் இது வீண் வேலையாகத் தெரிந்தது. இப்போது அவரே நோட்டுக்குக் கோடு போட்டு அட்டை ஒட்டி வைத்திருக்கிறார். சென்ற வெள்ளி போய்ப் புரட்டிப் பார்த்தோம். தேதி, கிழமை, பக்கத்தில் ஒரு எண். பெரும்பாலான வரிகளில் பூஜ்யம். இரண்டு இடத்தில் ஒன்று. ஓரிடத்தில் மட்டும் “மழை, வானொலி சரியாகக் கேட்கவில்லை, எழுதவில்லை” என்று இருந்தது.